ஈஸ்டர் நிலாவும் இடம் மாறும் திருநாட்களும்: ஆங்கிலிக்கன் காலண்டரை வாசித்தல்

2019 மார்ச் மாதம். ஒரு லண்டன் கிளையண்டுக்காக நாங்கள் எழுதிக்கொண்டிருந்த மென்பொருளில் இங்கிலாந்தின் விடுமுறை நாட்களைக் கணக்கிடும் சின்ன ஃபங்ஷன் ஒன்று உண்டு. முப்பது வரிகூட இருக்காது. வருஷத்தைக் கொடுத்தால் பெரிய வெள்ளியும் ஈஸ்டர் திங்களும் எந்தத் தேதி என்று சொல்லும். டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த டெஸ்டர் ஒருவன் அதன் மேல் ஒரு டிக்கெட் போட்டான். "அண்ணா, சம இரவுநாள் மார்ச் 20-லேயே முடிஞ்சிருச்சு. பௌர்ணமி மார்ச் 21. அடுத்த ஞாயிறு 24. அன்னிக்குத்தானே ஈஸ்டர்? உங்க கோட் ஏப்ரல் 21-னு சொல்லுது."

அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. மார்ச் 21 அன்று நம் ஊரில் பங்குனி உத்திரம். நிலா வானத்தில் முழுசாகத்தான் இருந்தது. ஆனாலும் என் கோட் சொன்னதுதான் சரி. உலகம் முழுக்க மேற்குத் திருச்சபைகள் அந்த வருஷம் ஏப்ரல் 21-ல்தான் ஈஸ்டர் கொண்டாடின. (அந்த ஞாயிற்றுக்கிழமை இலங்கையில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

டிக்கெட்டை மூடுவதற்காகத்தான் இங்கிலாந்து திருச்சபையின் 1662-ஆம் வருஷத்துப் பொது ஜெபப் புத்தகத்தை முதலில் புரட்டினேன். நான் கிறிஸ்தவன் இல்லை, இறையியலும் படித்ததில்லை. ஆனால் அதன் முதல் சில பக்கங்களில் இருக்கும் அட்டவணைகளும் விதிகளும் எனக்குப் பழக்கமான ஒரு வகை எழுத்து. பல கைகள் பல நூற்றாண்டுகளாக எழுதி, அடித்து, மறுபடி எழுதிய கோட் மாதிரிதான் அது இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 2000-ல் வந்த 'காமன் வொர்ஷிப்' காலண்டரையும் வைத்து வாசித்துப் பார்த்தேன். ஜெபங்களின் மொழியழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். காலண்டரை யாரும் ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

முதலில் எது எது பெரிய நாள் என்று வேகமாகப் பார்த்துவிடலாம். 1662 புத்தகத்தில் எல்லா ஞாயிறும் திருநாள். அதற்கு மேல் கிறிஸ்து பிறப்பு, விருத்தசேதனம், எபிபெனி, மரியாளின் சுத்திகரிப்பு, மரியாளுக்குத் தூதன் செய்தி சொன்ன நாள், பரமேறிய நாள், அப்போஸ்தலர்கள், சுவிசேஷகர்கள், ஸ்தேவான், மாசில்லாக் குழந்தைகள், மிகாவேல் தூதன், சகல பரிசுத்தவான்கள். ஈஸ்டருக்கும் பெந்தெகொஸ்தேவுக்கும் அடுத்து வரும் திங்களும் செவ்வாயும் உண்டு. காமன் வொர்ஷிப் இதை அடுக்குமுறையாக்கிவிட்டது. உச்சியில் ஒன்பது முதன்மைத் திருநாட்கள்: கிறிஸ்துமஸ், எபிபெனி, இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கிய நாள், மங்கள வார்த்தைத் திருநாள், ஈஸ்டர், பரமேறுதல், பெந்தெகொஸ்தே, திரித்துவ ஞாயிறு, சகல பரிசுத்தவான்கள். கூடவே சாம்பல் புதன், பெரிய வியாழன், பெரிய வெள்ளி என்று மூன்று முதன்மைப் புனித நாட்கள். அதற்குக் கீழே திருநாட்கள், சிறு திருநாட்கள், வெறும் நினைவுகூரல்கள். எல்லாவற்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் போட்ட மாதிரி. நம்ம ஆள் யாரோ உட்கார்ந்து எழுதியிருப்பான் என்று தோன்றும்.

இப்போது நிலா விஷயம். ஈஸ்டர் எப்போது என்பதற்கு 1662 புத்தகத்தின் இன்றைய பதிப்பில் இரண்டு விடைகள் இருக்கின்றன. ஒன்று, வாக்கியமாக எழுதிய விதி: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு. இன்னொன்று, பொன் எண்களையும் ஞாயிறு எழுத்துகளையும் வைத்துக் கண்டுபிடிக்கும் அட்டவணை. பொன் எண் என்பது 19 வருஷச் சுழற்சியில் அந்த வருஷம் எத்தனையாவது என்பது. இந்த இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன என்று புத்தகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. சொல்வதில்லை. அட்டவணையில் இருக்கும் நிலா வானத்தில் இருக்கும் நிலா இல்லை. அது 19 வருஷச் சுழற்சியை வைத்துச் சராசரியாக ஓடவிட்ட ஒரு காகித நிலா. 2019-ல் அந்தக் காகித நிலாவுக்கு மார்ச் 20-லேயே பௌர்ணமி வந்துவிட்டது. 21-க்கு ஒரு நாள் முந்தி என்பதால் அது செல்லாது. அடுத்த காகிதப் பௌர்ணமி ஏப்ரல் 18, வியாழக்கிழமை. ஆகவே ஈஸ்டர் 21. நிஜ நிலாவோ கிரீன்விச் நேரப்படி மார்ச் 21 அதிகாலையில் முழுமையானது. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் டெஸ்டர் பையன் சொன்னதுதான் சரி. இதைத்தான் எங்கள் தொழிலில் கமெண்ட் ஒன்று சொல்லுது, கோட் வேறொன்று செய்யுது என்போம்.

இந்த இரட்டை விடை 1751-ல் நிறைவேறிய காலண்டர் சட்டத்திலிருந்து வந்தது. 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 ஆக்கிய அதே சட்டம்தான். போப் கிரகோரியின் காலண்டரையே முழுசாக எடுத்துக்கொண்டு, அவர் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லாமல் விட்டார்கள். புராட்டஸ்டண்ட் நாடு, போப் சொன்னதைக் கேட்டது என்று பதிவாகக் கூடாதே. ஈஸ்டர் அட்டவணைகளையும் புதிதாகக் கணக்கிட்டு ஜெபப் புத்தகத்தில் சேர்த்தார்கள். அரச வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லியின் உழைப்பு அதில் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு நான் தலைவணங்குகிறேன். 1900 முதல் 2199 வரைக்குமான அட்டவணையைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே போட்டு வைத்தவர்கள் அவர்கள். வருஷத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்று எழுதிவிட்டு 2000-ல் நம் தொழில் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு பழுதில்லை. பக்கத்தில் எழுதிய வாக்கியம்தான் பழுது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1845-ல் இங்கிலாந்திலேயே இது சந்திக்கு வந்தது. அந்த வருஷம் அட்டவணைப்படி ஈஸ்டர் மார்ச் 23. நிஜப் பௌர்ணமியும் அதே ஞாயிற்றுக்கிழமை. விதிப்படி ஒரு வாரம் தள்ளிப்போக வேண்டும். 1818-லும் இதே குழப்பம், அப்போது மார்ச் 22. 1845-ல் இதை எடுத்துப் பொறுமையாக விளக்கியவர் அகஸ்டஸ் டி மார்கன். தர்க்கவியலில் 'டி மார்கன் விதிகள்' என்று காலேஜில் படித்தோமே, அவர்தான். அவர் 1806-ல் பிறந்தது நம்ம மதுரையில். இது தெரிந்த அன்று எனக்கு ஒரு நாள் முழுக்க வேலை ஓடவில்லை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நடக்கும் சண்டையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அட்டவணை நிலா, ஆகாய நிலா என்ற இந்த வித்தியாசம் புரிய ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் பஞ்சாங்கம் கணிக்கிறவர்கள் இது இந்தக் கணிதப்படி என்று அட்டையிலேயே போட்டுவிடுகிறார்கள். ஜெபப் புத்தகம் அதைச் செய்யவில்லை. என் விமர்சனம் அவ்வளவுதான்.

நாடாளுமன்றம் 1928-ல் இன்னொரு வழியையும் யோசித்தது. ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமைக்கு அடுத்த ஞாயிறே ஈஸ்டர் என்று ஒரு சட்டம். நிறைவேறியது, நடைமுறைக்கு மட்டும் வரவே இல்லை. சட்டப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

சின்னச் சின்ன பக்குகளும் இருக்கின்றன, அவற்றைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. 1662 காலண்டரில் பெரிய நாட்களுக்குச் சிவப்பெழுத்து. தனி ஜெபம் இல்லாமல் பெயர் மட்டும் வரும் பழைய புனிதர்களுக்குக் கறுப்பெழுத்து. இங்கிலாந்தின் முதல் ரத்தசாட்சி ஆல்பனின் நாள் ஜூன் 22. புத்தகத்தில் ஜூன் 17 என்று இருக்கிறது. ரோமன் எண்ணில் XXII-ஐ யாரோ XVII என்று படித்துவிட்டார்கள். கார்த்தேஜ் பிஷப் சிப்ரியானை செப்டம்பர் 26-ல் போட்டிருக்கிறார்கள். அது அந்தியோக்கியாவைச் சேர்ந்த வேறொரு சிப்ரியானின் நாள். ஒரே பெயர், இரண்டு ஆள், ஒரே ரெக்கார்ட். டிசம்பர் 16-ல் 'ஓ சாபியென்ஷியா' என்று ஒன்று இருக்கும். அது ஒரு புனிதர் இல்லை, அட்வெந்து காலத்தில் பாடிய ஒரு பழைய லத்தீன் கீதத்தின் முதல் இரண்டு வார்த்தைகள். ஆராதனையிலிருந்து அந்தக் கீதத்தை எடுத்துவிட்டார்கள், காலண்டரில் அதன் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஃபங்ஷனை டெலீட் செய்துவிட்டு அதைப் பற்றிய கமெண்டை விட்டு வைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் இல்லை. ஆல்பனைக் காமன் வொர்ஷிப் ஜூன் 22-க்கே திருப்பிவிட்டது. நல்ல வேலை.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத பகுதிக்கு வருகிறேன்.

ஒரு நாளைத் திருநாள் என்று சொல்வதும் இல்லை என்று சொல்வதும் பதினாறாம் நூற்றாண்டில் கூலி, சோறு, ஓய்வு சம்பந்தப்பட்ட விஷயம். 1536-ல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி அறுவடைக் காலத்துத் திருநாட்களில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது. ஜூலை 1 முதல் செப்டம்பர் 29 வரை சிலவற்றைத் தவிர எதுவும் விடுமுறை இல்லை. ஒவ்வொரு ஊர்க் கோவிலுக்கும் தனித்தனியாக இருந்த பிரதிஷ்டைத் திருவிழாவை நாடு முழுக்க அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கு மாற்றினார்கள். ஊருக்கு ஊர் வேறு வேறு நாளில் திருவிழா வந்தால் பக்கத்து ஊர்க்காரனும் வேலைக்கு வராமல் கிளம்பிவிடுகிறான் என்பதுதான் பிரச்சினை. (இது எந்த ஊர் முதலாளிக்கும் புரியும்.) அந்த அக்டோபரிலேயே வடக்கே வெஸ்ட்மோர்லண்டின் கிர்க்பி ஸ்டீஃபன் கோவிலில் பாதிரியார் வரப்போகும் லூக்கா திருநாளை அறிவிக்காமல் விட்டார். சபையார் கொதித்து எழுந்தார்கள். அங்கே கலகம் அப்படித்தான் தொடங்கியது. 'கிருபையின் யாத்திரை' என்று சரித்திரம் சொல்லும் பெரிய எழுச்சியின் ஒரு பகுதி அது. அதன் தலைவர்களில் பலர் தூக்கில் தொங்கினார்கள். மடங்களை மூடியதும் வரியும் அந்த எழுச்சிக்குப் பெரிய காரணங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கோவிலில் கிளர்ச்சி வெடித்தது காலண்டரின் ஒரே ஒரு வரி வாசிக்கப்படாததால்.

அப்புறம் மறுகோடி. 1647 ஜூனில் பியூரிட்டன் நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூன்றையுமே ஒழித்தது. பதிலுக்கு வேலைக்காரர்களுக்கு மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ஓய்வு. கணக்குப் பார்த்தால் நியாயமான பண்டமாற்று என்றே தோன்றும். அந்த டிசம்பரில் கேண்டர்பரியில் கிறிஸ்துமஸ் அன்று கடை திறக்கச் சொன்னபோது தெருவில் கலவரம் வந்தது. பண்டிகையை விடுமுறையாக மட்டும் பார்த்தவர்கள் போட்ட கணக்கு அது. எங்கள் ஆபீஸிலும் பொங்கலுக்குப் பதிலாக "ஃப்ளோட்டிங் ஹாலிடே" என்று ஒன்றைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டேன்.

1662 புத்தகத்தை இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும். அது போருக்குப் பிறகு ஜெயித்தவர்கள் வெளியிட்ட பிரதி. அதனால்தான் அதில் எனக்கு மிக மோசமாகப் படும் பகுதியும் இருக்கிறது: அரசு ஆராதனைகள். நவம்பர் 5, வெடிமருந்துச் சதியிலிருந்து அரசர் தப்பியதற்கு நன்றி. ஜனவரி 30, முதலாம் சார்லஸ் 1649-ல் தலை வெட்டப்பட்ட நாள், உபவாசம். மே 29, இரண்டாம் சார்லஸ் பிறந்ததும் நாடு திரும்பியதும்.

இவற்றை மதவெறுப்பு என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். நவம்பர் 5 ஆராதனை கத்தோலிக்கர்கள் மேல் கொட்டிய விஷம் உண்மைதான். எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது வேறு. ஜனவரி 30 அன்று சபையில் சொல்ல வேண்டியது, அரசனை எதிர்ப்பது பெரும் பாவம் என்பது. 1688 நவம்பர் 5-ல் ஆரஞ்சு வில்லியம் டார்பேயில் படையோடு வந்து இறங்கினான், இரண்டாம் ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினான். உடனே நவம்பர் 5 ஆராதனையில் வில்லியம் வந்து சேர்ந்ததற்கும் ஒரு நன்றி சேர்த்தார்கள். ஆக, ஒரே புத்தகம் ஜனவரியில் அரசனை விரட்டுவது பாவம் என்று அழ வைக்கிறது, நவம்பரில் ஒரு அரசன் விரட்டப்பட்டதற்கு மகிழ வைக்கிறது. சுமார் 170 வருஷம் இரண்டும் அருகருகே இருந்தன. இதில் எது நம்பிக்கை, எது அந்தந்த நாளின் ஆட்சி என்று பிரிக்க முடியவில்லை. 1859-ல் விக்டோரியா ராணியின் ஆணையால் மூன்றும் எடுக்கப்பட்டன. அரச ஆணையால் புத்தகத்தோடு சேர்ந்தவை அரச ஆணையாலேயே போயின.

அரசர் பதவியேற்ற நாளுக்கான ஆராதனை மட்டும் இன்னும் இருக்கிறது. இது காலண்டரில் ஒரு வேரியபிள். எழுபது வருஷம் அது பிப்ரவரி 6-ஆக இருந்தது. 2022-லிருந்து செப்டம்பர் 8. அது மரியாள் பிறந்த நாளும்கூட.

காமன் வொர்ஷிப் இந்த விஷயத்தில் நிச்சயமாக மேல். மே 4-ஐ சீர்திருத்தக் காலத்து ரத்தசாட்சிகளின் நாளாக வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் கத்தோலிக்கர்கள் தங்கள் ரத்தசாட்சிகளை நினைக்கிற அதே நாள். கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரே வரியில். அந்த ஒரு வரிக்காக மட்டுமே அந்தப் புத்தகத்தை நான் மதிப்பேன்.

ஆனால் அதே புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. மார்ச் 25-ஐப் பற்றியது.

மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள். காபிரியேல் வந்து மரியாளிடம் சொன்ன நாள், கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாசம் முன்னால். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷமே அன்றுதான் பிறந்தது. ஈஸ்டர் சுற்றிவரும் தேதி, இது நிலையான தேதி. அதனால் எப்போதாவது இது பெரிய வெள்ளியோடு மோதும். 1608-ல் அப்படி மோதியது. புது வருஷம், மரியாள் கருவுற்ற நாள், இயேசு இறந்த நாள் மூன்றும் ஒரே வெள்ளிக்கிழமை. அப்போது உத்தியோகம் கிடைக்காமல் கஷ்டத்தில் இருந்த ஜான் டன் அந்த மோதலைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அவர் பாதிரியாராவதற்கு ஏழு வருஷம் முன்னால். அந்தக் கவிதை முழுக்க முழுக்க இந்தத் தேதி விபத்தின் மேல் நிற்கிறது. ஒரே நாளில் உபவாசமும் இருக்கணும், விருந்தும் இருக்கணும். ஒரே தாய்க்கு அன்றைக்கே பிள்ளை வருகிறது, அன்றைக்கே போகிறது. பழைய மேற்கு மரபில் இயேசு சிலுவையில் இறந்ததும் மார்ச் 25 என்று ஒரு கணக்கும் இருந்தது. ஆகவே அவருக்கு இது விபத்தாகத் தோன்றவில்லை, எப்போதும் உண்மையாக இருந்த ஒன்றை நாட்காட்டி அந்த வருஷம் வெளியே காட்டிவிட்டது என்று தோன்றியது.

பெரிய நாட்கள் இரண்டு மோதினால் எதை எங்கே தள்ளுவது என்று 1662 புத்தகம் சொல்வதில்லை. எழுத மறந்தார்களா, வேண்டாம் என்று விட்டார்களா, எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. விதி இல்லாததால் இரண்டும் ஒரே நாளில் நிற்கும். காமன் வொர்ஷிப்பில் விதி தெளிவாக இருக்கிறது: மங்கள வார்த்தைத் திருநாள் குருத்தோலை ஞாயிறு முதல் ஈஸ்டரின் இரண்டாம் ஞாயிறு வரைக்குள் விழுந்தால், அதற்கு அடுத்த திங்களுக்குத் தள்ளு. 2016-ல் பெரிய வெள்ளி மார்ச் 25. திருநாளை ஏப்ரல் 4-க்குத் தள்ளினார்கள். 2024-ல் மார்ச் 25 பாடுகளின் வாரத்துத் திங்கள், ஏப்ரல் 8-க்குத் தள்ளினார்கள். 2035-ல் ஈஸ்டரே மார்ச் 25-ல் வருகிறது, திருநாள் ஏப்ரல் 2-க்குப் போகும். பெரிய வெள்ளியோடு அடுத்த மோதல் 2157-ல்.

இந்த விதியை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இரண்டு ஈவெண்ட் ஒரே ஸ்லாட்டில் வந்தால் ஒன்றைத் தள்ளு, எதுவும் தொலையக் கூடாது. கத்தோலிக்கச் சபையும் இதையே செய்கிறது, பல நூற்றாண்டுப் பழக்கம்தான். விதிக்கு ஆதரவாக நல்ல வாதமும் இருக்கிறது: பெரிய வெள்ளி அன்று மரியாளின் நாளை யாரும் கவனிக்கப்போவதில்லை, தள்ளினால்தான் அதற்கென்று ஒரு நாள் கிடைக்கும். சரிதான். ஆனால் ஏப்ரல் 4-க்குத் தள்ளியபிறகு அது மார்ச் 25 இல்லை, ஒன்பது மாசக் கணக்கும் இல்லை. காகிதத்தில் ஒரு திருநாள் காப்பாற்றப்பட்டது, அந்தத் தேதியின் அர்த்தம் போய்விட்டது. டன் இன்று இருந்திருந்தால் எழுதுவதற்கு அந்த வெள்ளிக்கிழமையில் ஒன்றும் இருந்திருக்காது.

இதையே வேறு இடங்களிலும் பார்க்கிறேன். எபிபெனியை ஜனவரி 2-க்கும் 8-க்கும் நடுவே வரும் ஞாயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். காணிக்கைத் திருநாளை ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3-க்குள் வரும் ஞாயிற்றுக்கு. சகல பரிசுத்தவான்களை அக்டோபர் 30 முதல் நவம்பர் 5-க்குள் வரும் ஞாயிற்றுக்கு. எல்லாம் "மாற்றிக்கொள்ளலாம்"தான், கட்டாயம் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து யார் கோவிலுக்கு வரப்போகிறார்கள், நியாயம். ஆனால் 1536-ல் கிர்க்பி ஸ்டீஃபன்காரர்கள் சண்டை போட்டது வேலை நாளின் நடுவில் ஒரு நாள் வந்து குறுக்கே நிற்க வேண்டும் என்பதற்காக. இப்போது வேலை நாள் சண்டை போடாமலேயே ஜெயித்துக்கொண்டிருக்கிறது. பரமேறுதல் மட்டும் இன்னும் வியாழக்கிழமையில் அசையாமல் நிற்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

கடைசியாக நவம்பர் 2. செத்தவர்கள் எல்லாருக்குமான நாள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் என்று மெழுகுவத்தி ஏற்றுவார்களே, அது. கிரான்மரின் சீர்திருத்தம் இதைக் காலண்டரிலிருந்து எடுத்துவிட்டது. பரிசுத்தவான்களுக்கு நவம்பர் 1 உண்டு. சாதாரணமாகச் செத்தவனுக்கு நாள் இல்லை. காரணம் இறையியல்: செத்தவர்களுக்காக ஜெபிப்பது உத்தரிக்கிற ஸ்தலத்தை ஒத்துக்கொள்வது, அதற்குக் காசு வாங்குவது, அந்த வியாபாரத்தை ஒழிக்க வேண்டும். வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் உலகப்போரில் இங்கிலாந்தில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு முன்னால் அந்த வாதம் நிற்கவில்லை. உடல்கூட வீடு வராத பிள்ளைகள். 1927-ல் திருத்திய ஜெபப் புத்தகம் ஒன்று தயாரானது. அதை நாடாளுமன்றம் 238-க்கு 205 என்று தள்ளியது. 1928-ல் கொஞ்சம் மாற்றி மறுபடி கொண்டுவந்தார்கள், 266-க்கு 220 என்று மறுபடி தோற்றது. நவம்பர் 2 அந்த 1928 புத்தகத்தில் இருந்தது. தோல்விக்கு முக்கியக் காரணம் நற்கருணையை ஒட்டிய சண்டை, இந்த நாள் மட்டும் இல்லை. எப்படியோ, செத்தவர்களின் நாளும் சேர்ந்தே தோற்றது. பிறகு பிஷப்புகள் அந்தப் புத்தகத்தைச் சட்டத்துக்கு வெளியே கண்டுகொள்ளாமல் அனுமதித்தார்கள். இப்போது காமன் வொர்ஷிப்பில் நவம்பர் 2 முறைப்படி இருக்கிறது, சிறு திருநாள் என்ற தரத்தில். அந்த வருஷம் செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கும் கோவில்கள் நிறைய உண்டு.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் திதிதான் பார்ப்போம், இங்கிலீஷ் தேதி இல்லை. வருஷா வருஷம் அது நகரும். ஆனால் அம்மா இங்கிலீஷ் தேதியிலும் காலையில் ஒரு விளக்கு ஏற்றிவிடுவாள், கேட்டால் சும்மா என்பாள். இலங்கையில் 2019 ஈஸ்டர் காலையில் கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கோவிலுக்குப் போனவர்களும் ஹோட்டல்களில் இருந்தவர்களுமாக 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களை நினைப்பது ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 21-ல். ஈஸ்டர் வருஷா வருஷம் வேறு தேதிக்குப் போய்விடுகிறது. 2025-ல் ஈஸ்டர் ஏப்ரல் 20, நினைவு நாள் அதற்கு மறுநாள். ஏப்ரல் 21-லேயே மறுபடி ஈஸ்டர் வரும் வருஷத்தில் அவர்கள் எதை முதலில் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள, என் முப்பது வரி ஃபங்ஷனில் ஒரு லூப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். விடையைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.